உம்மாவிடம் கேட்கச் சொன்னது

மருதமுனை
2024 பெப்ரவரி 4

அன்பின் தங்கச்சி றுக்ஸானாவுக்கு,

ஸலாம். நீ ஸ்கொட்லாந்துக் குளிரில் விறைத்துப் போயிருப்பாய். இங்கே வெள்ளம் வடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது. ஒழுங்கை முழுக்க முழங்காலளவு சேறு.

ஏன் நீ கோல் எடுப்பதில்லை? என் போனில் உன் நம்பரையே காணவில்லை. உன் மச்சான் ஹிஷாமிடம் கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார். கல்யாணம் முடித்துப் பத்து வருஷத்துக்குப் பிறகு அப்படி என்னதான் பார்க்க இருக்கிறதோ. சரி, நீ பேராதனையில் படித்த காலத்தில் எழுதியது போலக் கடிதமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். முகவரியை அலுமாரிக்கு மேலே கிடந்த பார்சலில் பார்த்தேன். பெருநாளுக்கு நீ என் மகள் ஸம்றாவுக்கு அனுப்பிய உடுப்பு. மூன்று பார்சல், ஒன்றுமே திறக்கப்படவில்லை. யார் இப்படி எடுத்து வைத்தார்களோ தெரியாது. திறந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் பிள்ளைக்குச் சிறிது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று எனக்கே விளங்கவில்லை.

உம்மா சுகம். வீட்டில் நிலையாக இருப்பதில்லை, மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்கிற நேரம்தான் வருகிறா. எங்கே போய் வருகிறா என்று எனக்குத் தெரியாது. நேற்று சேற்றைத் தாண்டி வந்தா, காலில் ஒரு துளி அழுக்கு இல்லை. "எப்படி உம்மா?" என்றேன். "எனக்கு மண் கிடைக்கல்லியே புள்ள" என்றா. வயது போனால் கதை இப்படித்தான் போகும் போல.

இன்னொன்று. வந்ததும் பாயை எடுத்து நடு வீட்டில் விரிக்கிறா. பிறகு சுருட்டி அறைக்குள் விரிக்கிறா, பிறகு குசினி வாசலில். "இதுலயும் சரியா வருதில்ல" என்று சொல்லிக்கொண்டே எழும்புகிறா. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

எனக்கு ஒரு மாதமாகத் தலையிடி. உடம்பெல்லாம் கடி, சொறிந்து மாளவில்லை, ஆனால் தோலில் ஒன்றுமில்லை. வேறு விசேஷமில்லை. பதில் எழுது.

உன் ராத்தா
பஸ்மினா

*

எடின்பரோ
2024 பெப்ரவரி 21

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும் திறக்கக் கை வரவில்லை. மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். வந்த சொல் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

இதைக் கோபத்தில் எழுதினீர்களா? அப்படியென்றால் என்னைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். உம்மாவை வைத்து எழுதாதீர்கள்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். 2020 டிசம்பரில் உம்மாவுக்கு இருமல் வந்தது. நீங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறேன் என்றீர்கள். நான்தான் இங்கிருந்து போனில் சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். கொரோனா என்றார்கள். நாலாம் நாள் மௌத்தாகிவிட்டா. அந்த நேரத்துச் சட்டம் அப்படி, ஜனாஸாவை அடக்கத் தரவில்லை, எரித்துவிட்டார்கள். "என்ட உம்மாக்கு ஒரு கபுறு இல்லாம ஆக்கினது நீதான்" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். அன்றைக்கு என் நம்பரை அழித்தவர் நீங்கள். பார்சல்களைத் திறக்காமல் அலுமாரிக்கு மேல் போட்டவரும் நீங்களாகத்தான் இருக்கவேண்டும்.

இதில் எதையாவது நான் பிழையாக எழுதியிருந்தால் சொல்லுங்கள். தலையிடி எப்போது தொடங்கியது? இரவில் நித்திரை வருகிறதா? உடம்பில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.

றுக்ஸானா

*

மருதமுனை
2024 மார்ச் 6

றுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நடுப்பக்கத்தை யார் எழுதியது? எழுத்து உன்னுடையது போலத்தான் இருக்கிறது, ஆனால் நீ அப்படி எழுதுகிற பிள்ளை இல்லை. உம்மாவின் கண்ணில் படக்கூடாது என்று அடுப்பில் போடப் போனேன். உம்மா என் கையைப் பிடித்துவிட்டா. "நெருப்பு வேணாம் மகள்" என்றா. பிடித்த கை சுடவுமில்லை, குளிரவுமில்லை. ஒன்றும் பிடிக்காதது போலவும் இருந்தது, கையை அசைக்க முடியாமலும் இருந்தது.

என்னைப் பாடசாலையில் லீவு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் பிழை இல்லை. வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முகம். இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிட்டால் ஏதோ ஒன்று எழும்பி நிற்கிறது, அதே முகத்தோடு. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே படிப்பித்தேன், அதையும் குற்றம் என்கிறார் அதிபர்.

வீட்டிலும் அப்படித்தான். உன் மச்சானின் குரலோடு ஒரு ஆள் இருக்கிறார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. தேத்தண்ணி ஊற்றித் தருகிறார், நான் அழுதால் அவரும் அழுகிறார். ஓதிப் பார்க்கிற ஹஸ்ரத்திடம் கூட்டிப் போனதும் அவர்தான். ஹஸ்ரத் கறுப்பு நூலில் ஓதிக் கழுத்தில் கட்டிவிட்டார். வீட்டுக்குள் ஜின் புழங்குகிறதாம், உம்மா இருக்கிற வீட்டில் ஜின் எப்படி வரும் என்று கேட்டேன். அவர் நூலில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

நீ வீக்கம் கேட்டாயே, இருக்கிறது. நூல் கிடக்கும் இடத்தில், வலது காதுக்குக் கீழே என்று எழுத வந்தேன், இல்லை, இடது காதுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில். நோவு இல்லை. நூல் இறுகி வந்தது என்று வீட்டில் இருக்கிற ஆள் தளர்த்திக் கட்டினார். முந்தானையால் மூடினால் வெளியே தெரியாது. கடியும் நிற்கவில்லை. விடியும்போது படுக்கை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அவ்வளவு வேர்வை.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு. கடைசி வரை கேட்டா. பிறகு, "றுக்ஸானாட்ட சொல்ல ஒரு கதை இருக்கு" என்றா. என்ன கதை உம்மா என்று கேட்பதற்குள் எழும்பிப் போய்விட்டா.

பஸ்மினா

*

எடின்பரோ
2024 மார்ச் 20

ராத்தா,

இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்து நாளைக்கே மறந்துவிடலாம். அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

"எங்கட றுக்கு எலிக்குப் பாடம் நடத்துறாள்" என்று நீங்கள் சொந்தக்காரரிடமெல்லாம் பகிடியாகச் சொல்வீர்கள். அது பொய்யில்லை, ஆய்வுகூடத்தில் அதைத்தான் செய்கிறேன். மூளையில் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள்களில் ஒன்று குளுட்டமேட். அதை வாங்கிக்கொள்ள வாங்கிகள் இருக்கின்றன, அதில் இரண்டு வகை. ஒன்று கதவு மாதிரி, குளுட்டமேட் வந்து தொட்டதும் திறந்துவிடும். மற்றது திறப்பதில்லை. வாசலில் நின்று உள்ளே இருக்கிறவர்களுக்குச் சேதி மட்டும் சொல்லும். உள்ளே ஆட்கள் எழும்பிச் சாமான்களை இடம் மாற்றுவார்கள், எதை வைப்பது எதை எறிவது என்று முடிவெடுப்பார்கள், ஆறுதலாக. இதைத்தான் மெட்டபொட்றோபிக் வாங்கி என்கிறோம். அதில் எட்டு வகை. ஐந்தாவதுதான் என் வேலை.

எலிக்கு ஒரு சத்தம் கேட்கச் செய்து சின்னதாக ஒரு அதிர்ச்சி கொடுப்போம். அடுத்த நாள் சத்தம் கேட்டதுமே உறைந்து நிற்கும். பிறகு பல நாட்களுக்குச் சத்தம் மட்டும், அதிர்ச்சி இல்லை. நல்ல எலி, அது முடிந்துவிட்டது என்று படித்துக்கொள்ளும். ஐந்தாம் வாங்கியை அடைத்துவிட்ட எலிக்கு அது சரியாகப் படிவதில்லை, அதற்கு எதுவும் முடிவதில்லை. மறதி என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் படிப்பு. ஒன்று இல்லாமல் போனதையும் மூளை படித்துத்தான் ஆகவேண்டும்.

சில பேருக்குக் கழுத்திலோ நெஞ்சிலோ நிணநீர்க் கட்டியில் ஒரு புற்றுநோய் வரும். கடி, இரவு வேர்வை, நோகாத வீக்கம். அதோடு சண்டை பிடிக்க உடம்பு செய்கிற ஆயுதம், ஆள் மாறி, மூளையில் இருக்கும் இந்த ஐந்தாம் வாங்கியைப் போய்த் தாக்கும். ஞாபகம் உடையும், முகங்கள் தெரியாமல் போகும், இல்லாதவர்கள் வருவார்கள். மிக அரிது. நான் பதினொரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வாங்கி என்பதால் எனக்குக் கண்டதெல்லாம் அதுவாகத் தெரிகிறதோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் நூறில் தொண்ணூறு அதுதான். வைத்தியம் இருக்கிறது, குணமாகவும் கூடும்.

இப்போதே மச்சானுக்கு அடிக்கவேண்டும். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தேன். எடுத்து என்ன சொல்வேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றா? அந்தச் சொல்லை நான் எங்கள் வீட்டுக்கு இன்னொரு முறை சொல்லி, உங்களுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

இதுவும் முழு உண்மையில்லை. வைத்தியம் செய்தால் உம்மா வருவது நின்றுவிடும்.

கடைசி நாள் உங்களுக்கு விடியும் நேரம், ஸுபஹுக்குப் பிறகு, வார்ட் நேர்ஸ் ஒருவரின் போனுக்கு எடுத்து, உம்மாவின் காதில் வைக்கச் சொன்னேன். வைத்தா. நான்தான் உங்களை அங்கே அனுப்பினேன், என்னை மன்னித்துவிடுங்கள் உம்மா என்று அழுதேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கட்டாகிவிட்டது. மூன்று வருஷமாக எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும், உம்மாவுக்கு அது கேட்டதா?

இது நோய் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அடுத்த முறை உம்மா வரும்போது கேளுங்கள் ராத்தா. உங்கள் பதில் வந்த அன்றே மச்சானுக்கு எடுக்கிறேன்.

றுக்ஸானா

*

மருதமுனை
ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

கேட்டுச் சொல்லும்படி ஒரு கடிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. கேட்டேன்.

உம்மா இப்போது பாங்குக்குக் காத்திருப்பதில்லை. பகல் முழுக்க இருக்கிறா. முகம் இல்லை, அது பரவாயில்லை, யாருக்குத்தான் இருக்கிறது. றுக்ஸானா போனில் கதைத்தது கேட்டதா உம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு, "றுக்ஸானா ஆரு?" என்றா.

நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். நீங்கள் வேறு யாருக்கோ எழுதியது எனக்கு வந்துவிட்டது போல. மன்னிக்கவும்.

உம்மா விரித்த பாய் இப்போது ஓரிடத்தில் கிடக்கிறது, கிணற்றடிக்குப் போகும் வழியில். நானும் படுத்துப் பார்த்தேன். நல்ல இடம். இருவருக்கும் இடம் காணும் என்கிறா.

கதவடியில் ஒரு சிறுமி நின்று அழுகிறாள். யார் வீட்டுப் பிள்ளையோ தெரியாது. பேர் என்ன மகள் என்று கேட்டால் இன்னும் கூட அழுகிறாள்.

*

எடின்பரோ
2024 ஜூன் 2

ராத்தா,

உங்கள் கடிதம் ஏப்ரல் 17 அன்று கிடைத்தது. கதவைப் பூட்டாமல் நின்ற இடத்திலேயே வாசித்தேன், அங்கிருந்தே மச்சானுக்கு எடுத்தேன். கிணற்றடிப் பாயை எடுங்கள், ராத்தாவை ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள் என்றேன். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னேன். "ஆஸ்பத்திரியா? மாமிக்கு நடந்தத மறந்திட்டியா புள்ள?" என்று கேட்டார். இந்த முறை பக்கத்தில் நானே நிற்பேன் மச்சான் என்றேன். மூன்றாம் நாள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினேன்.

நான் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கொழும்பில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து கிழமை இருந்தேன். என்னை மிஸ் என்று கூப்பிட்டீர்கள். "மிஸ், உம்மா வெளியில நிக்கிறா, உள்ள விடுங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்டீர்கள். முள்ளந்தண்டில் நீர் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், கழுத்துக் கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தார்கள். நான் நினைத்ததுதான் இரண்டும். ஸ்டீரொயிட் ஏற்றினார்கள், பிளாஸ்மா மாற்றினார்கள், பிறகு புற்றுநோய்க்கான ஊசி தொடங்கினார்கள்.

"ஒரு மாசம் முந்தி வந்திருந்தா இன்னும் நல்லம்" என்றார் டொக்டர். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார், தன்னைச் சொன்னதாக நினைத்து. நான் அதைத் திருத்தவில்லை. அந்த மனிதர் இன்றைக்கும் ஹஸ்ரத்திடம் போய்த் திரிந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார். அவருக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். மார்ச் 20 அன்றே எனக்குத் தெரியும். ஏப்ரல் 17 வரை நான் காத்திருந்தது நோயை உறுதிப்படுத்த இல்லை, உம்மாவின் பதிலுக்காக. கடிதங்களையெல்லாம் உறையில் போட்டு ஒட்டி மச்சானிடம் விட்டு வந்தேன், கேட்டு வாங்கி வாசியுங்கள்.

மே 26 அன்று காலை நீங்கள் கண் விழித்து, என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்து, அவருடைய பேரைச் சொல்லி, "உம்மா எங்க?" என்று கேட்டீர்கள். குரல் தெளிவாக இருந்தது. நான் வெளியே போய்விட்டேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஆனால் நீங்கள் அழுதது கேட்டது. 2020 இல் போனில் கேட்ட அதே அழுகை, தொடக்கத்திலிருந்து. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்ததாக நீங்கள் என்னை அடையாளம் காண்பீர்கள். அதற்கு நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று பின்னேரமே புறப்பட்டுவிட்டேன்.

றுக்ஸானா

*

மருதமுனை
2024 செப்டெம்பர் 15

றுக்ஸானா,

ஸலாம். ஊசி ஆறும் முடிந்தது. தலையில் மயிர் இல்லை, புருவமும் இல்லை, கண்ணாடியில் பார்த்தால் ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரிய மனிதர் மாதிரி இருக்கிறேன். ஸம்றா என் தலையைத் தடவிச் சிரிக்கிறாள். இன்னும் என் பக்கத்தில் தனியாக வரும்போது முதலில் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். அதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்த மாட்டாள்.

கடிதங்களை வாசித்தேன். உன்னுடையது மூன்று, என்னுடையது மூன்று. என்னுடையதை நீ மச்சானிடம் விட்டுப் போயிருக்கிறாய். எழுத்து என்னுடையதுதான், கொம்பு வளைக்கிற விதம் கூட. எழுதியவளை எனக்குத் தெரியாது. அவளுக்கு உன்மேல் இருந்த பட்சத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சண்டை பிடித்த ஞாபகம் போன பிறகு மிஞ்சினவள் அவள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஸம்றா பிறந்த நாள் என் ஞாபகத்தில் இல்லை. மச்சான் சொல்லித் தந்ததைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை, மழை, பின்னேரம் அஸருக்குப் பிறகு. வாப்பா மௌத்தானதும் இல்லை. திரும்பி வராது என்கிறார் டொக்டர். இதில் எவ்வளவு அந்த இருபத்தெட்டு நாளில் போனது என்று யாராலும் சொல்ல முடியாதாம். நீ படித்தவள், நீ சொல்லு பார்ப்போம். நூறில் தொண்ணூறு என்று எழுதிவிட்டு, அதே பேனையால் உம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறாய். அந்த இடத்தை வாசித்தபோது நீ பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். ஒரு கிழமை உன் பேரை வீட்டில் யாரையும் சொல்ல விடவில்லை.

உம்மா இப்போது வருவதில்லை. லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது வீடு அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான். உம்மா இல்லை என்பதை இரண்டாம் தரமும் ஒருவர் வாயால் கேட்டுப் படிக்கவேண்டி வந்தது எனக்கு. முதல் தரம் கோபம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டேன். இந்தத் தரம் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பாயில் படுத்தவளை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அவளுக்குப் பயம் இருக்கவில்லை.

அந்தப் பதில் உம்மாவின் பதில் இல்லை, அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. உன்னை மறந்தது என் நோய். உம்மா உன்னை எப்படி மறப்பா?

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இதை எழுத மூன்று நாளாகப் பேனையைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன். உன் போனை உம்மாவின் காதில் வைத்த நேர்ஸ் பக்கத்து ஊர் பாண்டிருப்பு ஆள், மேனுஜா. உம்மா மௌத்தாகிப் பத்தாம் நாள் எனக்குக் கோல் எடுத்தா. "உங்கட தங்கச்சி எடுத்தப்ப நம்பர் என்ட போன்ல விழல்ல அக்கா, இத அவவுக்குச் சொல்லிருங்க" என்று சொல்லி ஒரு சேதி தந்தா. நான் ஓம் என்றேன். சொல்லவில்லை. உனக்குச் சொன்னால் உனக்கு ஆறிவிடும், எனக்கு மட்டும் ஆறாமல் கிடக்கும் என்று நினைத்து வைத்துக்கொண்டேன். நோய் என் பிள்ளை பிறந்த நாளைக் கொண்டுபோனது, இதைக் கொண்டுபோகவில்லை. நீ காத்தது இருபத்தெட்டு நாள். நான் காத்தது மூன்று வருஷமும் ஒன்பது மாதமும்.

உன் குரல் உம்மாவுக்குக் கேட்டது. போன் கட்டான பிறகு, கண்ணைத் திறக்காமலே மேனுஜாவிடம் சொன்னாவாம்:

"அங்க இப்ப நடுச்சாமம். அழாமப் போய்ப் படுக்கச் சொல்லுங்க புள்ளய."

ராத்தா